திரைக்கு இருள் வந்த வரலாறு

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு 1980-களின் பிற்பகுதியில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் இன்னும் நினைவிலிருக்கும். அந்நாளில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் இந்திய மொழிகளுள் ஒன்றில் அமைந்த திரைப்படத்தை நாடு முழுவதற்கும் ஒளிபரப்பி வந்தது. வங்காளமும் மராத்தியும் மலையாளமும் அசாமியமும் சுழன்று வந்து தமிழின் முறை வாய்க்கும் நாளில், டெல்லிக் குடியிருப்பில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் சுற்றுவட்டத்துத் தமிழர் அனைவரும் கூடிவிடுவர். நாங்களும் அவ்வாறு கூடியவர்களே.

அத்தகைய ஒரு நாளில் கண்ட காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. கிராமத்து வீடொன்றில் அகல் விளக்கு எரிகிறது. அதனருகே கரிய நிறத்துப் பெண்மணி ஒருத்தி அமர்ந்து பேசுகிறாள். குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. விளக்கின் சுடரும் அவள் மூக்குத்தியின் மினுக்கும் தவிர மற்றவையெல்லாம் ஒரே இருட்டு. எம் தந்தையார் எழுந்து சென்று, பெட்டியின் முகப்பிலிருந்த 'பிரைட்னஸ்' என்னும் குமிழைத் திருகினார். முகம் தெரிந்தது. ஆனால் இரவு மறைந்துவிட்டது. சுவரும் கூரையும் முகமும் சாம்பல் பூசியவை போல் வெளிறிப்போயின. “சாமத்திலேயே விடிந்துவிட்டதே!” என்று ஒரு பாட்டியார் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். தந்தையார் குமிழைத் திரும்பவும் இறக்கினார். இரவு மீண்டது, முகம் போயிற்று.

முகம் வேண்டுமாயின் இரவை இழக்க வேண்டும். இரவு வேண்டுமாயின் முகத்தை இழக்க வேண்டும். இந்த இக்கட்டு ஏன் நேர்ந்தது? இதற்கு விடை காண விஞ்ஞானிகளும் யந்திர நிபுணர்களும் ஏறத்தாழ நூறாண்டுகள் உழைத்திருக்கின்றனர். திரைக்கு ஒளியைக் கொண்டுவந்தவர்களின் புகழை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திரைக்கு இருளைக் கொண்டுவர முயன்றவர்களின் வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்தக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட நாம் 'பிரைட்னஸ்' என்பதை 'ஒளிர்வு' என்றும் 'கான்ட்ராஸ்ட்' என்பதை 'ஒளி வேறுபாடு' என்றும் எழுதிவிட்டு மனநிறைவு கொள்வது வழக்கம். சொல்லுக்குச் சொல் அது சரியே. பொருளை நோக்கினால் அது சரியன்று. பழைய படக்குழாய்ப் பெட்டியில் 'பிரைட்னஸ்' குமிழ் மாற்றியது கருமையின் மட்டத்தை. வெண்மையின் உச்சத்தை ஏற்றி இறக்கியது 'கான்ட்ராஸ்ட்' குமிழே. மூலத்திலேயே பெயர்கள் இடம் மாறியிருக்கும்போது மொழிபெயர்ப்பாளன் என்ன செய்ய இயலும்?

குமிழின் செயலைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். திரையில் மிக வெண்மையான இடம் 100 பங்கு ஒளியையும், மிகக் கரிய இடம் 1 பங்கு ஒளியையும் தருவதாக ஒப்புக்குக் கொள்வோம். விகிதம் நூற்றுக்கு ஒன்று. குமிழைத் திருகி எல்லா இடங்களுக்கும் 5 பங்கு ஒளியைக் கூட்டினால் வெண்மை 105 ஆகும். கருமை 6 ஆகும். விகிதம் பதினேழரைக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். வெண்மை இருபதில் ஒரு பங்கு மட்டுமே ஏறிற்று. கருமையோ ஆறு மடங்காகிவிட்டது. நம் கண் ஒளியின் கூட்டலை அன்றி, விகிதத்தையே பெரிதும் உணர்கிறது. இதனை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்களாகிய எர்ன்ஸ்ட் வேபரும் குஸ்தாவ் ஃபெக்னரும் புலன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் விளக்கினர். ஆகவே, படம் ஒன்றின் செழுமை அதன் வெண்மையைக் காட்டிலும் அதன் கருமையையே மிகுதியும் சார்ந்து நிற்கிறது.

கருமை என்பது எப்பொழுதும் ஒப்பீட்டிலேயே பிறப்பது என்னும் உண்மை தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் முன்பே வெளிப்பட்டது. பாரிஸ் நகரத்தில் கோப்லான் என்னும் புகழ்பெற்ற அரச நெசவாலை உண்டு. 1824-ஆம் ஆண்டு அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக மிஷேல் ஷெவ்ருல் என்னும் இரசாயன அறிஞர் அமர்த்தப்பட்டார். ஆலையின் கறுப்புச் சாயம் போதிய கருமையின்றி இருக்கிறது என்று அவரிடம் முறையீடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், குறையொன்றும் காணவில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் வைத்து நெய்ததால்தான் கறுப்பு கண்ணுக்கு வலிவிழந்து தோன்றிற்று. குற்றம் சாயத்தில் இல்லை, அண்டையில் இருந்தது. இந்த ஆராய்ச்சியை விரித்து அவர் 1839-ஆம் ஆண்டு ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஒரு நூலிழையின் கருமையை அடுத்த இழை மாற்றிக் காட்டுகிறதெனில், ஒரு திரையின் கருமையை அறையின் விளக்கும், பலகணியின் வெயிலும், திரையிலேயே அடுத்துள்ள ஒளியும் எவ்வளவு மாற்றும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனித் திரைக்கு வருவோம். 1926-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் லண்டன் மாநகரில் ஜான் லோகி பேர்டு தமது யந்திரத்தின் வாயிலாக மனித முகத்தை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார். அவர் வகுத்த முறையில் படத்துக்கு 30 கோடுகளே. சுழலும் வட்டத் தகட்டின் துளைகளுக்குப் பின்னால் நியான் விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருக்கும். அவர் முறையில் செய்து விற்கப்பெற்ற பெட்டிகளில் படம் செம்மஞ்சள் நிறமாய், மங்கலாய், மிகச் சிறிதாய்த் தோன்றிற்று. அந்நிலையில் இருளைப் பற்றி யார் கவலைப்படுவார்? ஒளி கிடைத்ததே பெரும் பேறு. அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஜப்பானில் ஹமமத்சு என்னும் ஊரில் கென்ஜிரோ தகயானகி என்னும் ஆசிரியர் ஜப்பானிய எழுத்தொன்றைப் படக்குழாயின் முகத்தில் தோன்றச் செய்தார். அக்குழாயோ 1897-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியராகிய கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் ஆக்கியது. எதிர்காலம் குழாயின் பக்கமே சாய்ந்தது.

படக்குழாய் வேலை செய்யும் முறை எளியது. வெற்றிடக் கண்ணாடிக் குழாயின் பின்புறத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்கிறது. முகப்பின் உட்புறத்தில் பூசிய பாஸ்பர்ப் பொடியின் மீது அது படும் இடம் ஒளிர்கிறது. கற்றை வலுத்தால் வெண்மை, மெலிந்தால் சாம்பல், நின்றால் கருமை. கற்றை நின்றால் ஒளியே இல்லையாதலின் இருட்டறையில் இக்குழாய் நல்ல இரவைக் காட்டவல்லது. ஆனால் யார் வீட்டு அறை முழு இருட்டாயிருக்கிறது? பாஸ்பர்ப் பொடி இயல்பாகவே வெளிறிய நிறமுடையது. அறையின் விளக்கொளி அதன் மீது விழுந்து திரும்பினால், கற்றை தொடாத இடமும் சாம்பலாய்த் தோன்றும். நிறுத்தி வைத்திருக்கும் படக்குழாயின் முகத்தைப் பகலில் பாருங்கள்: அது எந்த நிறத்தில் தோன்றுகிறதோ, அதனினும் கரியதொன்றை அப்பகலில் அது காட்ட இயலாது.

இதற்கு நிபுணர்கள் கண்ட முதல் பரிகாரம், முகக் கண்ணாடிக்கே சற்றுக் கருஞ்சாயல் ஊட்டுவது. இதன் நுட்பம் சுவையானது. கண்ணாடி தன் மீது விழும் ஒளியில் பாதியை மட்டும் விடுகிறது எனக் கொள்வோம். படத்தின் ஒளி உள்ளிருந்து வெளியே ஒரு முறையே கடப்பதால் பாதியாகும். அறையின் ஒளியோ உள்ளே போக ஒரு முறை, பொடியில் பட்டுத் திரும்பி வெளியே வர மறு முறை, ஆக இரு முறை கடந்து காலாகிவிடும். ஒளியில் பாதியை இழந்து, கருமையில் இரட்டிப்பு ஆதாயம் பெறுகிறோம். நம் நாட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் பலர் நீல நிறத் தகடு ஒன்றை மாட்டி வைத்திருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் வீட்டார் கருதிய அத்தகடு, அறியாமலே இவ்விதியைக் கடைப்பிடித்தது.

இழந்த பாதி ஒளியை ஈடுசெய்யும் வழிகளும் பிறந்தன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், பாஸ்பர்ப் பூச்சின் பின்புறத்தில் மெல்லிய அலுமினியப் படலம் இடும் முறை உருவாயிற்று. குழாயின் பின்பக்கம் வீணாகப் போன ஒளி முன்பக்கம் திருப்பப்பட்டது. வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு நிறம் மங்கிக் கிடந்தது. 1960-களின் நடுவில் யூரோப்பியம் என்னும் அருமண் தனிமம் கலந்த பாஸ்பர் வந்து அக்குறையைப் போக்கிற்று. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 'குரோமாகலர்' என்னும் படக்குழாயை வெளியிட்டது. வண்ணப் புள்ளிகளுக்கு இடையே இருந்த இடைவெளியை அவர்கள் கரிய பொருளால் நிரப்பினர். அறையின் ஒளி பட்டுத் திரும்ப இடம் குறைந்தது. ஆகவே முகக் கண்ணாடியின் கருஞ்சாயலைக் குறைக்க முடிந்தது. ஆகவே படம் முன்னிலும் நன்கு துலங்கிற்று. திரையில் கறுப்பைச் சேர்த்தமையால் வெளிச்சம் கூடிய விந்தை இது.

இங்ஙனம் குழாயில் கருமையைச் சீர்ப்படுத்துவது ஒரு புறமிருக்க, நிலையத்திலிருந்து கருமையை அனுப்புவதும் தனியொரு கலையாயிற்று. தொலைக்காட்சி அலையில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும், அடுத்த கோட்டுக்குத் திரும்புக என்று கட்டளையிடும் துடிப்பொன்று உண்டு. அது கண்ணில் படலாகாது. அதனால் அதைக் கருமைக்கும் அப்பாலான மட்டத்தில் வைத்தனர். கருமையினும் கருமையான அந்த மட்டத்தின் மீதுதான் படத்தின் ஒழுங்கே நின்றது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தொடங்கிய ஒளிபரப்பில் வெண்மைக்கு அலையின் வலிமை மிகுதியாகவும் கருமைக்குக் குறைவாகவும் இருந்தது. அமெரிக்கா இதைத் தலைகீழாக்கிற்று. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டெல்லியில் தொடங்கிய நம் தொலைக்காட்சி பின்பற்றிய 625 கோட்டு முறையிலும் அவ்வாறே கருமைக்கு வலிமை மிகுதி. அலையில் புகும் மின்பொறி இடையூறுகள் வெள்ளைப் பொட்டுகளாய்க் கண்ணைக் குத்தாமல் கரும்பொட்டுகளாய் அடங்கிப்போகும் என்பது இதன் நன்மைகளுள் ஒன்று. ஆகவே, அகல் விளக்கு எரிந்த அந்த இரவுக் காட்சியை நம் வீட்டுக்கு அனுப்பிய வேளையில்தான் ஒளிபரப்பு யந்திரம் மிகுந்த வலிமையோடு உழைத்துக்கொண்டிருந்தது!

கருமை எங்கே தொடங்குகிறது என்பதில் நாடுகளே ஒன்றுபடவில்லை. அமெரிக்க வண்ண முறையில் கருமையை அடிமட்டத்திலிருந்து ஏழரை அலகு உயர்த்தி வைத்தனர். அதே முறையை மேற்கொண்ட ஜப்பானியர் அந்த உயர்வை ஏற்காது கருமையை அடிமட்டத்திலேயே வைத்தனர். ஒரு நாட்டுக்கெனச் சீர்செய்த பெட்டி மற்ற நாட்டின் படத்தை வெளிறியதாகவோ இருண்டதாகவோ காட்டும். 1982-ஆம் ஆண்டு எண்முறைப் படத்துக்கு உலகப் பொது விதி வகுத்தபோதும் கருமை பூஜ்யத்தில் வைக்கப்படவில்லை. 0 முதல் 255 வரையுள்ள எண்களில் கருமைக்கு 16, வெண்மைக்கு 235 என ஒதுக்கினர். இன்றும் கணிப்பொறியைத் தொலைக்காட்சியில் இணைக்கும்போது இரண்டும் வெவ்வேறு எண்ணைக் கருமையென்று கொண்டால் படம் சாம்பலாகவோ கரியாகவோ மாறிவிடுவதன் காரணம் இதுவே.

இவற்றோடு சிக்கனம் என்னும் பகைவனும் சேர்ந்துகொண்டான். காட்சியின் உண்மையான கருமை மட்டத்தை ஒவ்வொரு கோட்டிலும் மீட்டு நிறுத்தும் சுற்றமைப்புப் பெட்டிக்குள் வேண்டும். விலையைக் குறைக்கும் பொருட்டுப் பல பெட்டிகளில் அதனை விடுத்தோ அரைகுறையாக அமைத்தோ விற்றனர். அத்தகைய பெட்டியில் காட்சியின் சராசரி ஒளி எதுவாயினும் அது ஒரே நடுமட்டத்துக்கு இழுக்கப்படும். பகற்காட்சி மங்கும், இராக்காட்சி சாம்பலாக வெளிறும். இரவையும் பகலையும் ஒன்றாக்கும் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு தந்தையர் குமிழோடு போராடினர்.

குழாய்க்குப் பின் தட்டைத் திரைகளின் காலம் வந்தது. அவற்றுள் மூத்தது பிளாஸ்மா. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவர், கணிப்பொறி வழிக் கல்வித் திட்டம் ஒன்றுக்காக இதனை ஆக்கினர். சிறு அறைகளில் அடைத்த வாயு மின்னூட்டத்தால் ஒளிர்வதே இதன் தத்துவம். இதிலும் ஒரு தொல்லை: வாயு உடனுக்குடன் பற்றிக்கொள்ள வேண்டுமாயின் அதனைச் சிறிதளவு எப்பொழுதும் தூண்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். மூட்டம் போட்ட அடுப்பைப் போல, கருமையிலும் ஒரு மெல்லிய கனல். ஜப்பானிய நிறுவனமாகிய பயனியர் இந்தக் கனலை ஏறத்தாழ அணைத்துவிடும் அளவுக்கு வென்று, 2007-ஆம் ஆண்டு ஒரு பெட்டி வரிசையை வெளியிட்டது. அதற்கு இட்ட பெயர் 'குரோ'. ஜப்பானிய மொழியில் குரோ என்றால் கறுப்பு. ஒளிக்காகப் பெட்டி விற்ற உலகில் இருளின் பெயரால் பெட்டி விற்க ஒரு நிறுவனம் துணிந்தது.

நிபுணர்கள் அதனைக் கொண்டாடினர். வாங்குவோர் அந்த அளவுக்கு வரவில்லை. விலை மிகுதி, கடையின் வெள்ளை விளக்குகளின் கீழ் அடுத்திருந்த பெட்டிகளின் பளபளப்புக்கு முன் குரோ மங்கியே தோன்றிற்று. ஷெவ்ருலின் நூலுக்கு நேர்ந்த கதியே குரோவுக்கும் நேர்ந்தது. குற்றம் சாயத்தில் இல்லை, அண்டையில் இருந்தது. 2009-ஆம் ஆண்டு பயனியர் தொலைக்காட்சித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சில ஆண்டுகளில் பிளாஸ்மா முழுவதுமே சந்தையை விட்டு மறைந்தது.

வென்றது எல்.சி.டி. என்னும் திரவப் படிகத் திரை. 1888-ஆம் ஆண்டு பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவர இயலார் கண்ட விசித்திரப் பொருளே இதன் மூலம். அது திரவம் போல் ஓடும். படிகம் போல் ஒளியைத் திருப்பும். 1968-ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனமாகிய ஆர்.சி.ஏ. இதனால் ஆன காட்சித் தகட்டை உலகுக்கு அறிவித்தது. 1988-ஆம் ஆண்டு ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 14 அங்குல வண்ணத் திரையை ஆக்கிக் காட்டிற்று. இத்திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இலட்சக்கணக்கான நுண்கதவுகள் திறந்து மூடும். கதவு எவ்வளவு இறுக மூடினும் இடுக்கு வழியே சிறிது ஒளி கசியும். ஆயிரத்துக்கு ஒன்று கசியும் திரையில் வெண்மை 400 நிட் என்றால் கருமை 0.4 நிட். நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா வீதம் அமைந்த ஒளிர்வின் அலகு. 0.4 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இருட்டறையில் திரை முழுவதும் அவ்வளவு ஒளிர்ந்தால் அமாவாசை இரவும் மூடுபனிக் காலையாகிவிடும்.

இக்குறையை விளம்பரங்கள் எண்களால் மூடின. முழு வெண்மையை ஒரு வேளையிலும், விளக்கையே தணித்து முழுக் கருமையை மற்றொரு வேளையிலும் அளந்து, பத்து இலட்சத்துக்கு ஒன்று என்பன போன்ற விகிதங்களை அச்சிட்டனர். அகல் விளக்கும் அதனருகே இருளும் ஒரே சட்டத்தில் தோன்றும்போது அந்த எண்ணால் பயனில்லை. வெள்ளையும் கறுப்பும் சதுரங்கக் கட்டங்களாக ஒருங்கே தோன்றும் படத்தில் அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

கசிவுக்கு மெய்யான மருந்து கனடாவிலிருந்து வந்தவற்றுள் ஒன்று. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆராய்ச்சியாளர் சிலர், பின்விளக்கைப் பல சிறு விளக்குகளாகப் பிரித்து, இருண்ட பகுதிக்குப் பின்னாலுள்ளதை மட்டும் தணிக்கும் முறையை 2004-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். அவர்கள் அமைத்த பிரைட்சைடு நிறுவனத்தை 2007-இல் டால்பி நிறுவனம் வாங்கிற்று. நீல எல்.இ.டி. விளக்கை ஆக்கியதற்காக 2014-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பே இத்தகைய சிறு விளக்குகளை மலிவாக்கிற்று. இன்று உயர்விலைப் பெட்டிகளில் இவ்விளக்கு மண்டலங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆயினும் கதவுகள் பல இலட்சமாகவும் விளக்குகள் சில ஆயிரமாகவும் இருப்பதால், கரிய வானத்தில் நிலவைக் காட்டினால் அதனைச் சுற்றிப் பரிவேடம் ஒன்று தோன்றிவிடுகிறது.

ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையுமாயின் இத்தொல்லை இல்லை. 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவர் கரிமப் பொருளின் மெல்லிய அடுக்குகள் குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிர்வதைக் கட்டுரையாக வெளியிட்டனர். அதன் வழி பிறந்ததே ஓ.எல்.இ.டி. திரை. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் சோனி நிறுவனம் 11 அங்குலத் திரையுள்ள பெட்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-ஆம் ஆண்டு கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் 55 அங்குலப் பெட்டியைக் கொணர்ந்தது. இதில் அணைத்த புள்ளி ஒளியே தராது. இருட்டறையில் திரையின் விளிம்பு எங்கே, சுவர் எங்கே என்று தெரியாத உண்மையான கருமை வீட்டுக்குள் வந்துவிட்டது. விலையாக இது கொடுத்தது வெளிச்சத்தை. திரை முழுதும் வெண்மையாகும்போது மின்செலவும் சூடும் மிகாதிருக்கத் தன் ஒளியைத் தானே தணித்துக்கொள்கிறது. விளம்பரத்தில் காணும் உச்ச ஒளிர்வு பெரும்பாலும் திரையின் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு சதுரத்தில் அளந்தது என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

இனி ஒளியின் உச்சத்தைச் சற்று நோக்குவோம். உச்சி வெயிலில் வைத்த வெள்ளைத் தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 30,000 நிட். நிலையங்களில் படத்தைச் சரிபார்க்கும் குழாய்த் திரையின் வெண்மை சுமார் 100 நிட்டே. திரையரங்கின் வெண்மை 48 நிட். இந்த எல்லையை விரிக்கும் பொருட்டு 2014-ஆம் ஆண்டு வெளியான ஒரு விதி 10,000 நிட் வரை ஏறும் அளவுகோலை வகுத்தது. எச்.டி.ஆர். என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்பனவற்றுள் முதன்மையானது அவ்விதியே. வெளிச்சத்தின் வெற்றி என்று பலர் இதனைப் புகழ்ந்தனர். அளவுகோலின் உள்ளே நுழைந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். அதன் படிகளுள் ஏறத்தாழப் பாதி முதல் 100 நிட்டுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 9,900 நிட்டுக்கு மற்றப் பாதி. இருளில் நம் கண் நுண்ணிய வேறுபாடுகளையும் கண்டுகொள்ளும் என்பதை அறிந்தே அவ்வாறு வகுத்தனர். மூக்குத்திக்கு அருகே உள்ள கன்னத்தின் நிழல் அந்தப் படிகளிலேதான் இருக்கிறது.

ஆயினும் யந்திரம் முன்னேறியதால் மட்டும் இக்கட்டு தீர்ந்துவிடவில்லை என்பதற்கு 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் சான்றாயிற்று. அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பகுதியொன்று, நள்ளிரவில் நிகழும் பெரும் போரைச் சித்தரித்தது. போரில் யார் யாரை வெட்டுகின்றனர் என்பதே தெரியவில்லை என்று எண்ணற்றோர் குறைகூறினர். காட்சி வேண்டுமென்றே அவ்வாறு ஆக்கப்பட்டது, மக்கள் தம் பெட்டிகளைச் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை என்னும் கருத்துப்பட ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் விடையிறுத்தார். அனுப்பும் வழியில் படத்தைச் சுருக்கியதால் இருண்ட பகுதிகள் திட்டுத்திட்டாய்ப் போனதும் உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு முன் டெல்லி வீடொன்றில் குமிழைத் திருகிய தந்தையாரின் இக்கட்டு, அத்தனை புதுமைகளுக்குப் பின்னும் உலகெங்கும் மீண்டும் எழுந்து நின்றது.

இரு தரப்பார் கூறியதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் பெரிதும் பேசாத மூன்றாவது ஒன்று உண்டு, அது அறை. அறையின் விளக்கு திரையின் மீது 100 லக்ஸ் அளவு ஒளியைப் பொழிவதாகவும், திரை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறித் திருப்புவதாகவும் கொள்வோம். அதனால் திரை முழுவதும் சுமார் 0.3 நிட் ஒளி படியும். தானே அணையும் விலையுயர்ந்த திரையின் கருமையும் அப்பொழுது 0.3 நிட்தான். கசியும் திரையின் 0.4 அதனோடு சேர்ந்து 0.7 ஆகும். இருட்டறையில் மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வேறுபாடு, விளக்கெரியும் கூடத்தில் இரண்டு மடங்கு என்னும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, பகலில் வெயில் நிறையும் கூடத்தில் செய்தியும் கிரிக்கெட்டும் காண்போர்க்கு ஒளி மிகுந்த எல்.சி.டி. திரையே ஏற்றது. இரவில் விளக்கைத் தணித்துத் திரைப்படம் காண்போர்க்குக் கருமை மிகுந்த ஓ.எல்.இ.டி. திரை கொடுத்த பணத்துக்கு ஈடு செய்யும். எது சிறந்தது என்று கேட்பவரிடம், எந்த அறைக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

பெட்டியைச் சீர்செய்யும் வழியையும் இவ்வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. பி.பி.சி. நிபுணர்கள் தம் நிலையத்துக்கென ஒரு சோதனைப் படம் வகுத்தனர். கரிய பின்னணியில் கருமையினும் சற்றுக் கரிய பட்டை ஒன்றும், சற்றே வெளிறிய பட்டை ஒன்றும் இருக்கும். முதற்பட்டை மறைந்து, இரண்டாவது மட்டாகத் தெரியும் வரை கருமையின் மட்டத்தை இறக்க வேண்டும். இதுவே விதி. நம் வீட்டில் இவ்விதியை ஒரு நல்ல இரவுக் காட்சியைக் கொண்டே பின்பற்றலாம். படம் காணும் வேளையில் அறை எவ்வாறிருக்குமோ அவ்வாறே வைத்துக்கொள்க. கடையில் பகட்டுக்காக வைத்த 'விவிட்' முறையை நீக்கித் திரைப்பட முறைக்கு மாற்றுக. கரிய கூந்தலும் கரிய ஆடையும் ஒன்றோடொன்று கலந்து மறையாமல், அதே வேளையில் இரவு வெளிறாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துக. இக்காலப் பெட்டிகளில் 'பிரைட்னஸ்' என்று எழுதியிருப்பது சிலவற்றில் பழைய பொருளிலும், சிலவற்றில் விளக்கின் வலிமை என்னும் பொருளிலும் வழங்குகிறது. பின்னவற்றில் கருமை மட்டத்துக்குத் தனிப் பெயரிட்டிருப்பர். எது எதை மாற்றுகிறது என்பதைச் சொல்லைக் கொண்டன்றித் திரையைக் கொண்டே அறிதல் வேண்டும்.

இவ்வளவு கவலை ஏன், படம் தெரிந்தால் போதாதா என்று சிலர் வினவலாம். வெள்ளை மாளிகையும் வெயிலும் எந்தப் பெட்டியிலும் தெரியும். நிழலில் அமர்ந்த கரிய முகமே திரையின் கீழ்ப்படிகளில் வாழ்கிறது. பெட்டி கருமையை விழுங்கினால் முதலில் மறைவது அம்முகம். கருமையை வெளிறச் செய்தால் முதலில் சாம்பலாவதும் அம்முகமே. அது பெரும்பாலும் நம் முகம். நம் அன்னையரின் முகம். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நாம் ஞாயிறுதோறும் காணக் காத்திருந்த முகம்.

அந்தப் படத்தை அண்மையில் நாம் மீண்டும் காண நேர்ந்தது. அறையின் விளக்கை அணைத்து, கருமையின் மட்டத்தைப் பொறுமையாகத் திருத்தி வைத்துக் கண்டோம். அகல் எரிந்தது, சுற்றிலும் இரவு இரவாகவே இருந்தது. அந்த இரவுக்குள்ளே அப்பெண்மணியின் முகம் முழுவதும் தெரிந்தது. அவள் பேசும்போது அழுதுகொண்டிருந்தாள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.